வந்து போகும் வைத்தியரும் மருத்துவமனை தரும் அதிகாரமும்

புதுச்சேரி நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் ஏதேனும் ஒன்றின் வரவேற்பறையில் சற்று நின்று பார்த்தால், சுவரில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையில் நிரந்தர வைத்தியர்கள் இரண்டு மூன்று பேரின் பெயர்களுக்குக் கீழே, "செவ்வாய், வெள்ளி மாலை", "ஞாயிறு மட்டும்", "முன்பதிவின் பேரில்" என்ற குறிப்புகளோடு அதைவிட நீண்ட இன்னொரு வரிசை எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வாரந்தோறும் வந்து போகும் இருதய நிபுணரும், நகரத்திலேயே நான்கைந்து நர்சிங் ஹோம்களுக்கு மாறி மாறிச் செல்லும் மயக்க மருந்து வைத்தியரும் அந்த வரிசையில் இருப்பார்கள். டியூட்டி டாக்டர் விடுப்பில் போன பத்து நாளைக்கு 'லோக்கம்' எனப்படும் தற்காலிக மாற்று வைத்தியராக வந்து இரவு அறையில் உட்காரும் இளம் எம்.பி.பி.எஸ். பட்டதாரியின் பெயரோ எந்தப் பலகையிலும் இராது. இத்தனை பேரும் எந்த அதிகாரத்தின் பேரில் அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு நோயாளியின் உடலைத் தொடுகிறார்கள் என்ற கேள்வி, நோயாளிக்கும் சரி, வந்து போகும் வைத்தியருக்கும் சரி, பெரும்பாலும் ஏதேனும் விபரீதம் நேர்ந்த பிறகே உதிக்கிறது என்பதால், அதை முன்கூட்டியே ஆராய்ந்து வைத்துக்கொள்வது அவசியமாகிறது.

வந்து போகும் வைத்தியர் முறையே தவறு என்று நான் சொல்லவரவில்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய காலந்தொட்டு வைத்திய சாஸ்திரத்துக்குப் பெயர்பெற்ற ஊர் இது. விழுப்புரம், திண்டிவனம், கடலூர், சிதம்பரம் வரையிலுள்ள ஜனங்கள், ஜிப்மர் மருத்துவமனைக்கென்று விடியற்காலை பஸ் ஏறிக் கோரிமேட்டில் இறங்குவதும், அங்கே கூட்டத்தைக் கண்டு மலைத்து நகரத்துக்குள் தனியார் மருத்துவமனைகளை நாடுவதும் நித்தியக் காட்சி. முப்பது படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனை, நரம்பியல், சிறுநீரகம், இருதயம் என்று ஒவ்வொரு துறைக்கும் முழுநேர நிபுணரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள இயலாது. அவர்கள் வாரத்தில் ஒருநாளாவது வந்து போவதனால்தான் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு ஓட வேண்டிய கஷ்டம் தவிர்க்கப்படுகிறது. முறை நல்லது, அதன் மூலம் உள்ளே வருபவர் எந்த நிபந்தனையின் பேரில் வருகிறார் என்பதிலேதான் விஷயம் இருக்கிறது.

மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏறியிருப்பது, ஒருவருக்கு இந்நாட்டில் வைத்தியத் தொழில் செய்யும் உரிமையைத் தருகிறது. இன்ன மருத்துவமனையில், இன்ன சிகிச்சையை, இன்ன தேதிவரை அவர் செய்யலாம் என்று அந்த மருத்துவமனை எழுத்து மூலம் தரும் அனுமதி வேறு. மருத்துவமனை நிர்வாகங்களில் 'பிரிவிலேஜ்' என்று வழங்குவது இதைத்தான். ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக எந்த பஸ் கம்பெனிக்காரரும் ஐம்பது பிரயாணிகள் ஏறிய வண்டியின் சாவியை எடுத்து நீட்டிவிடுவதில்லை. ஆனால் மருத்துவமனைகளில் அநேக சமயங்களில் அப்படித்தான் நடக்கிறது. நண்பர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு, அனுப்பிவைத்த சான்றிதழின் மங்கலான நகல் ஒன்று, அவ்வளவோடு மறுநாள் காலை அறுவை அரங்கின் கதவு திறந்துவிடுகிறது.

என்.ஏ.பி.எச். என்று வழங்கும், மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியத்தின் விதிகளை மதித்து நடக்கும் மருத்துவமனைகளில் இந்த அனுமதித்தாள் எப்படி இருக்கும் என்று பார்ப்பது பயன்தரும். முதல் பக்கத்தில் வைத்தியரின் பட்டங்கள், பதிவு எண், முன்பு பணியாற்றிய இடங்கள், அவரை அறிந்த மூத்த வைத்தியர்களின் கருத்து ஆகியவை இருக்கும். அவற்றை வைத்தியர் எழுதிக்கொடுத்தபடியே ஏற்றுக்கொள்ளாமல், பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடமும், பதிவை மன்றத்திடமும், அனுபவத்தைப் பழைய மருத்துவமனையிடமும் நேராகக் கேட்டுச் சரிபார்த்ததற்கான குறிப்பும் கையொப்பமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த பக்கத்தில்தான் சாரம் இருக்கிறது. அறுவை நிபுணராயின், குடல்வால் நீக்கம், குடலிறக்கம், லேப்ராஸ்கோப் வழியான பித்தப்பை அறுவை என்று ஒவ்வொரு சிகிச்சையும் தனித்தனி வரியாக எழுதப்பட்டு, எதிரே "தனித்துச் செய்யலாம்", "மூத்தவர் உடனிருக்கச் செய்யலாம்", "அனுமதி இல்லை" என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் குறி இடப்பட்டிருக்கும். எம்.எஸ். பட்டம் பெற்றவர் யாவருக்கும் எல்லா அறுவையும் கைவந்தது என்று கருதும் பாமர எண்ணத்தை அந்த மூன்று கட்டங்கள் அமைதியாக மறுத்துவிடுகின்றன. அங்கீகாரம் வாங்குவது மருத்துவமனையின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதால், வாங்காத சிறு மருத்துவமனைகளில் இப்படி ஒரு தாளே இல்லாமற்போவது சகஜமாக இருக்கிறது.

தற்காலிகமாக வருபவருக்கு இந்தச் சோதனை அவசியமில்லை, சில நாள் விஷயந்தானே என்ற வாதம் அடிக்கடி கேட்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளை அங்கீகரிக்கும் கூட்டு ஆணையம் தற்காலிக அனுமதியை ஏற்றுக்கொள்ளவே செய்கிறது; ஆயினும் புதிதாக விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருப்பவருக்கு அதன் ஆயுள் 120 நாட்களுக்கு மேற்படக் கூடாது என்று வரையறுத்திருப்பதோடு, வைத்தியர்கள் மீது வந்த நஷ்டஈட்டுத் தீர்வுகளையும் ஒழுங்கு நடவடிக்கைகளையும் 1990 முதல் திரட்டிவைத்திருக்கும் தேசியத் தகவல் களஞ்சியத்தையும் கேட்டறிய வேண்டும் என்று பணித்திருக்கிறது. காலம் குறுகியதென்பதற்காக அங்கே விசாரணை குறையவில்லை. முன்பின் தெரியாதவரிடம்தான் விசாரணை அதிகம் வேண்டும் என்பது சாமானிய புத்திக்கும் எட்டுவதே.

அதற்கு நம் தேசத்திலேயே உதாரணம் கிடைத்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் தமோ நகரத்தில் மிஷன் மருத்துவமனை ஒன்றில், 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரிட்டனின் பிரசித்தி பெற்ற இருதய நிபுணர் ஜான் காம் அவர்களின் பெயரைச் சூடிக்கொண்டு ஒருவர் வந்தமர்ந்து, நோயாளிகளுக்கு ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி முதலிய சிகிச்சைகளைச் செய்தார். ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் மூலம் அவரை நியமித்ததாக மருத்துவமனைத் தரப்பில் சொல்லப்பட்டது. ஏழு நோயாளிகள் மாண்டதாகப் புகார் எழ, தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணைக்குக் குழு அனுப்பிற்று. அவர் காட்டிய பட்டங்கள் போலி என்று வழக்குப் பதிந்த போலீசார் ஏப்ரல் மாதத்தில் அவரைப் பிரயாக்ராஜில் கைது செய்தனர். குற்றம் நிரூபணமாவது நீதிமன்றத்தின் காரியம். ஆனால் ஒன்று மட்டும் இப்போதே தெளிவு: பதிவு எண்ணைக் கேட்டு, அதை மன்றத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு பிற்பகல் வேலையை இருதய அரங்கின் கதவைத் திறப்பதற்கு முன்பே முறையாக முடிக்கும் மருத்துவமனையில் இத்தகைய சந்தேகத்துக்கே இடமிராது. ஆள்சேர்ப்பு நிறுவனம் சரிபார்த்திருக்கும் என்று மருத்துவமனை நம்புவதும், மருத்துவமனை சரிபார்த்திருக்கும் என்று நோயாளி நம்புவதும் ஆகிய இந்த நம்பிக்கைச் சங்கிலியில் சரிபார்ப்பவர் என்று ஒருவர் இல்லாமலே போய்விடக் கூடும்.

சட்டத்தின் நிலையைச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, தேசியப் பதிவேட்டிலோ மாநிலப் பதிவேட்டிலோ பெயர் இல்லாதவர் வைத்தியம் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தம் நாட்டில் பதிவுபெற்ற அயல்நாட்டு வைத்தியருக்குத் தற்காலிகப் பதிவு வழங்க அதே சட்டம் இடந்தருகிறது. பிரான்சு தேசத்தோடு இன்றும் உறவு அறாத இவ்வூரில், அங்கிருந்து வரும் வைத்தியர் ஒருவர் சிநேக பாவத்தில் ஒருநாள் நோயாளிகளைப் பார்ப்பதாயினும் அந்தப் பதிவு இல்லாமல் பார்க்கலாகாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்தப் பதிவுக்கு மிகுந்த கனம் கொடுத்திருக்கிறது: கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றிருக்க, மருத்துவச் சிகிச்சையின்போது அது நேர்ந்து, செய்தவர் பதிவுபெற்ற மருத்துவராகவும் இருந்தால் இரண்டாண்டு வரை என்று குறைத்திருக்கிறது.

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கல் எல்லைக்கோட்டில் இருக்கிறது. முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே கோட்டக்குப்பம் போய்விடலாம். ஆனால் நடக்கும்போதே சட்டம் மாறிவிடுகிறது. யூனியன் பிரதேசமான இப்பக்கத்தில், 2010இல் பாராளுமன்றம் இயற்றி 2012 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் செல்லும். அப்பக்கத்தில் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும். ஆகவே விழுப்புரத்தில் தொழில் நடத்திக்கொண்டு புதுச்சேரிக்கு வந்து போகும் வைத்தியர், தாம் போகும் மருத்துவமனை பதிவு பெற்றதா என்று கேட்டுக்கொள்வது தம் நன்மைக்கே ஆகும். பதிவில்லாத நிறுவனம் என்று தெரிந்தே அங்கே பணிபுரிபவருக்கு இருபத்தையாயிரம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பது வைத்தியர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இனி இந்த விஷயத்தில் ஆபத்து மிகுந்த இடத்துக்கு வருகிறேன். அது சிகிச்சை நடக்கும் நேரத்தில் இல்லை. சிகிச்சை முடிந்த பின் வரும் இரவில் இருக்கிறது. சென்னை நிபுணர் மாலை ஐந்து மணிக்கு அறுவையை முடித்து, கேஸ் ஷீட்டில் நான்கு வரி எழுதி, புரியாத கையொப்பம் ஒன்றை இட்டுக் காரில் ஏறிவிடுகிறார். மயக்க மருந்து கொடுத்தவர் அடுத்த நர்சிங் ஹோமுக்கு ஏற்கெனவே விரைந்துவிட்டார். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்குகிறது. எதிரே நிற்பவர் அன்று மாலைதான் லோக்கமாகப் பொறுப்பேற்ற இளைஞர்; அறுவையைக் கண்டவரும் இல்லை, அறுத்தவரைக் கண்டவரும் இல்லை. சில இடங்களில் அவர் அலோபதி படித்தவராகக்கூட இருப்பதில்லை. ஹோமியோபதி வைத்தியர் ஒருவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த பூனம் வர்மா வழக்கில், தமக்குத் தெரியாத வைத்திய முறையில் கை வைப்பதே கவனக்குறைவுக்கு அத்தாட்சி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த பின்னும், குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பதால் அத்தகையோரை இரவுப் பணியில் அமர்த்தும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை.

அனுமதி கொடுக்கும் நிர்வாகம் இந்த இரவைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. ஐயா, தாங்கள் ஊருக்குத் திரும்பிய பின் இந்த நோயாளியைப் பார்ப்பவர் யார். அவர் அதற்குச் சம்மதித்து எழுதிக் கொடுத்திருக்கிறாரா. மறு அறுவை தேவைப்பட்டால் அரை மணியில் வந்து சேரக்கூடிய இன்னொரு நிபுணர் நகரத்தில் உண்டா என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும் முன்பு, எவ்வளவு கீர்த்தி பெற்ற நிபுணராயினும், பெரிய அறுவைக்கு அனுமதி தரலாகாது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் இதைப் பற்றி மறக்கவில்லை. தாம் இல்லாத வேளையில் தம் நோயாளிகளைக் கவனிக்கும்படி ஒரு வைத்தியர் இன்னொருவரைக் கேட்டால், தம் மற்றக் கடமைகளோடு இந்தக் கூடுதல் பொறுப்பையும் சுமக்கும் சக்தி இருந்தால் மட்டுமே அவர் அதை ஏற்க வேண்டும் என்றும், முன்னவர் திரும்பியதும் நோயாளிகளை அவர் வசமே ஒப்படைக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. தாட்சண்யத்துக்காக "சரி" என்று சொல்லிவிடும் இளம் வைத்தியர்கள் அந்த விதியை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

தவறு நேர்ந்தபின், "அவர் எங்கள் டாக்டர் இல்லை, வந்து போகிறவர்" என்று மருத்துவமனைகள் கைவிரிப்பதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வழியறியாமல் வீடு திரும்பியிருக்கின்றன. இந்தப் பதில் சட்டத்தில் செல்லாது. டில்லியில் நேஷனல் ஹார்ட் இன்ஸ்டிட்யூட்டில் கணவரைப் பறிகொடுத்த சவிதா கார்க் என்ற அம்மையார் தொடுத்த வழக்கை, சிகிச்சை செய்த வைத்தியர்களை எதிர்க்கட்சியாகச் சேர்க்கவில்லை என்ற காரணத்துக்காக தேசிய நுகர்வோர் ஆணையம் தள்ளிவிட, உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில் அதை மாற்றி எழுதிற்று. நோயாளி மருத்துவமனையை நம்பி வருகிறார். உள்ளே யார் யார் சிகிச்சை செய்தார்கள், அவர்களில் சம்பளக்காரர் யார், வருகை வைத்தியர் யார் என்பதெல்லாம் மருத்துவமனைக்குத்தான் தெரியும். ஆதலால் உரிய கவனத்தோடு சிகிச்சை நடந்தது என்று காட்ட வேண்டிய கடமையும் மருத்துவமனையைச் சேர்ந்தது என்பதே அத்தீர்ப்பின் சாராம்சம். மருத்துவமனைக்கும் வைத்தியருக்கும் இடையிலான ஒப்பந்தம் எத்தன்மையதாயினும் நோயாளிக்கு அது ஒரு தடையாகாது. என் பார்வையில், இந்த விஷயத்தில் பொதுஜனங்கள் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் அது இந்தத் தீர்ப்பாகவே இருக்க வேண்டும்.

அதற்காக வந்து போகும் வைத்தியர் தப்பிவிடுகிறார் என்று எண்ணலாகாது. மருத்துவமனை தன் பங்குக்கு அவரைக் காட்டிக்கொடுக்கும். ஆகையால் பணியேற்கும் முன்பு அவர் கேட்டு வாங்க வேண்டியது, தொடங்கும் தேதியும் முடியும் தேதியும், செய்யத்தக்க சிகிச்சைகளும், இரவில் தமக்கு மேலே பொறுப்பான மூத்த வைத்தியரின் பெயரும் அடங்கிய ஒரு கடிதம். கூச்சப்பட்டு அதைக் கேட்காமலிருப்பது பண்பு ஆகாது. தொழிற்பொறுப்புக் காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு: இங்கே வழங்கும் பாலிசிகளில், சம்பவம் நடந்த நாளில் மட்டுமின்றி, நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். பதினைந்து நாள் லோக்கமாக இருந்துவிட்டு மேற்படிப்புக்குப் போனவர் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டால், ஒன்றரை ஆண்டு கழித்து வரும் நோட்டீஸைத் தனியே சந்திக்க நேரும். தனித்தொழில் செய்யாமைக்கென்று படி பெறும் மத்திய அரசு நிறுவனத்து வைத்தியர்களும், முதுகலை படிக்கும் மாணவர்களும் இரவில் வெளியே லோக்கம் பார்ப்பது அவர்களுடைய பணி விதிக்கே முரணானது. அவர்களை அழைக்கும் மருத்துவமனை அவர்களுடைய எதிர்காலத்தையும் சேர்த்துப் பணயம் வைக்கிறது.

நோயாளியின் பக்கத்தில், கேட்பதற்கான உரிமை தெளிவாகவே இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளி உரிமைச் சாசனம், தம்மைக் கவனிப்பவர்கள் யார், அவர்களுடைய தகுதி என்ன, தம் சிகிச்சைக்கு முதற்பொறுப்பான வைத்தியர் யார் என்று அறியும் உரிமை நோயாளிக்கு உண்டென்று சொல்கிறது. மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதி. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள பிள்ளைகள் யாரேனும் செல்பேசியில் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டைத் திறந்து பெயரும் பட்டமும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட முடியும். அறுவைக்கு முன் நீட்டப்படும் சம்மதப் படிவத்தில் அறுவை செய்பவரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தலாகாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணப் போகிற டாக்டர் ராத்திரி ஊரில் இருப்பாரா, சிஸ்டர்?" என்று நர்ஸிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. உயிர் ஊசலாடும் அவசரத்தில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நேரமிராது என்பது வாஸ்தவம். அந்த நேரத்தில் சிகிச்சையே முதன்மை.

கெடுதி நேர்ந்துவிட்டால் முதலில் வாங்க வேண்டியது கேஸ் ஷீட்டின் நகல். எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு காப்பாற்றி வைக்க வேண்டும். கேட்டது எந்தத் தேதியில் என்பதற்கு அத்தாட்சி இருக்கும்படி, பதிவுத் தபாலிலோ, முத்திரையிட்ட ஒப்புதலோடோ கேட்பது உத்தமம். வைத்தியரின் நடத்தை பற்றிய புகாரை அவர் பதிந்திருக்கும் மாநில மருத்துவ மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். வந்து போகிறவரின் பதிவு தமிழ்நாட்டில் இருக்கக்கூடும் என்பதால் மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துவது முக்கியம். மருத்துவமனையின் பதிவு சம்பந்தமான குறைகளுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலுள்ள பதிவு அதிகார அமைப்பு இருக்கிறது.

நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையமே பொதுஜனங்களுக்கு எளிய வழி. கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1995இலேயே வி.பி. சாந்தா வழக்கில் முடிவாகிவிட்டது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மட்டும் அதற்குள் வராது, அங்கே சிவில் நீதிமன்றத்தை நாட வேண்டும். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை ஐம்பது லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்யலாம்; அத்தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் மனுக்கட்டணமே கிடையாது; வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தாரிடம் வழி கேட்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு பெரிய சகாயத்தையும் செய்திருக்கிறது: மனுதாரர் தாம் குடியிருக்கும் ஊரிலுள்ள ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். புதுச்சேரியில் சிகிச்சை பெற்ற திண்டிவனத்துக்காரர், வாய்தாவுக்கு வாய்தா எல்லை தாண்டி இங்கே வந்து நிற்க வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்து, மருத்துவமனையை அங்கே பதில் சொல்ல வைக்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கோரலாமெனினும், ஆணையம் அதை ஏற்றாக வேண்டும் என்ற நியதி இல்லை.